அளந்த கையும் எழுதிய கையும்: நம் மக்களும் கணக்குக் கல்வியும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், 25 என்னும் எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். 25 புளியங்கொட்டைகளை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் அடுக்கினால் ஒரு சதுரம் கிடைக்கும். அதே சதுரத்தை ஒரு மூலையிலிருந்து நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். மூலையில் ஒன்று, அதனை வளைத்து மூன்று, அதனை வளைத்து ஐந்து, பின்னர் ஏழு, பின்னர் ஒன்பது. இவை ஐந்தும் கூடி 25 ஆகின்றன. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டிச் சென்றால் எவ்விடத்தில் நிறுத்தினும் சதுர எண்ணே கிடைக்கும் என்னும் உண்மையை, சூத்திரம் ஒன்றும் மனப்பாடம் செய்யாத எட்டு வயதுச் சிறுமியும் தன் கண்ணாலேயே கண்டுகொள்வாள்.

கண்டுகொள்ளக்கூடிய இக்கல்வியை விட்டு, காணாத ஒன்றை ஒப்பிக்கச் சொல்லும் கல்வியே நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் வாய்த்தது. "எனக்குக் கணக்கு வராது" என்னும் சொல்லை நம் தெருக்களில் எத்தனையோ இளைஞர் வாயிலாகக் கேட்கிறோம். அச்சொல் அவர்கள் பிறக்கும்போதே உடன் பிறந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து மீளும் வழியையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையில் கற்ற கணக்கு

ஆங்கிலேயர் பள்ளிகள் தோன்றுவதற்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதப் பழகி, பின்னர் ஓலையில் எழுதினர். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து ஆகியவை பாடங்கள். முழு எண்களைப் போலவே பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர்களும் குறியீடுகளும் இருந்தன. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. மா, காணி, முந்திரி என்று இறங்கும் வரிசை மற்றொன்று. மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் சிறுவர்கள் உரக்கச் சொல்லி நெஞ்சில் பதித்தனர். மனப்பாடந்தான், எனினும் அம்மனப்பாடத்திற்குப் பின்னால் நெல்லும் நிலமும் பொன்னும் இருந்தன. குழிமாத்து ஒப்பித்த பையன் நாளை வயலை அளக்கவேண்டியவன்.

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ இத்தகைய பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். அதற்கு முன்னரே, சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், மணலில் எழுதுவதையும் மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிப்பதையும் நம் நாட்டுப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளை முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து சென்றது.

இப்பெருமையைப் பேசுவோர் ஒன்றை எளிதில் மறந்துவிடுவர். ஊர்த் திண்ணையில் சேரிப் பிள்ளைக்குப் பொதுவாக இடமில்லை. மதராஸ் முறை கடல் கடந்தது. தெருக் கடந்து நம் குடிசைக்கு வரவில்லை.

அளந்தவர் வேறு, எழுதியவர் வேறு

அப்படியாயின் நம் முன்னோர் கணக்கறியாதவரா? அன்று. களத்து மேட்டில் மரக்காலைக் கையில் பிடித்தவர் யார்? நிலம் அளக்கும்போது கோலைத் தூக்கியவர் யார்? வாய்க்கால் மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பாய்ச்சியவர் யார்? வெட்டியானும் நீர்பாய்ச்சியும் பண்ணையாளும் அன்றாடம் அளந்தே வாழ்ந்தனர். ஆனால் அளந்த அளவை ஏட்டில் எழுதும் உரிமை கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. தமிழ்நாட்டின் பழைய கணக்குமுறைகளை ஆராய்ந்து 2022-இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு போன்ற ஆய்வாளர்கள், உழைப்போரின் அளவை அறிவையும் எழுதுவோரின் ஏட்டுக் கணக்கையும் ஒருங்கே வைத்து நோக்குகின்றனர். நமக்கோ அது ஆய்வுப் பொருள் மட்டுமன்று. பாட்டன் பட்ட பாடு.

ஒரு கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால். ஒரு மரக்காலுக்கு எட்டுப் படி. கூலியாகக் கொடுக்கும் மரக்கால் அரைப் படி குறைவாக இருந்தது என்று கொள்வோம். எட்டில் அரை என்பது பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒரு வீசம். நாளொன்றுக்கு இரண்டு மரக்கால் கூலி பெறுபவன் நாள்தோறும் ஒரு படி இழப்பான். முப்பது நாளில் முப்பது படி, அஃதாவது மூன்று மரக்காலும் ஆறு படியும் இழப்பான். கொள்ளும்போது குவித்தளப்பதும் கொடுக்கும்போது தலைதட்டி அளப்பதும் வேறொரு வழி. கையில் வாங்கிய நெல் குறைகிறது என்பது உழைத்தவனுக்குத் தெரியும். எவ்வளவு குறைகிறது, ஓராண்டில் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் காட்ட அவனுக்கு ஏடு இல்லை. எழுதப்படாத கணக்கு வழக்கு மன்றத்தில் நில்லாது.

நிலத்திலும் இதுவே நிகழ்ந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையைக் குறித்து அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள். பிற வகுப்பினர்க்கு அவற்றை விற்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தும், அவற்றுள் பல கைமாறிப் போயின. வறுமையும் அதிகாரமும் அதற்கு முதற் காரணங்கள். பத்திரத்தில் எழுதிய பரப்பையும் தொகையையும் தானே படித்துச் சரிபார்க்க இயலாமை மற்றொரு காரணம்.

பஞ்சமர் பள்ளிகள் தந்ததும் தராததும்

1893-இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894-இல், அயோத்திதாசப் பண்டிதரின் தொடர்பால், கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர்க்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து வேறு சில பள்ளிகளும் ஏற்பட்டன. அப்பள்ளிகளில் குழந்தைத் தோட்டமுறை கையாளப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் ஃபுரோபெல் வகுத்த அம்முறையில் பிள்ளைகள் பொருள்களைத் தொட்டும் அடுக்கியும் கற்பர். அப்பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் தம் கற்பித்தல் முறையை 1906-இல் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார்.

இது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. பார்த்தும் தொட்டும் கற்கும் முறை இன்று உயர்ந்த கட்டணப் பள்ளிகளின் அடையாளமாகப் பேசப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாகவே அது நம் குழந்தைகளின் வகுப்பறையில் நடைபெற்ற ஒன்று. எனினும் அப்பள்ளிகளின் நோக்கம் தொடக்கக் கல்வியோடு நின்றது. கொட்டை எண்ணக் கற்றவன் இயற்கணிதம் வரை செல்லவேண்டும் என்று அன்று எவரும் திட்டமிடவில்லை.

தடையை உடைக்க நம் தலைவர்களே முன்வந்தனர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் நம் கல்விக்காகப் போராடினார். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். பொதுத் தெருவில் நடக்க உரிமையில்லாத பிள்ளை பள்ளிக்கு எவ்வழியாகச் செல்வான்? ஆதலின் அத்தீர்மானமும் கல்வி வரலாற்றைச் சேர்ந்ததே. 1920-களில் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக வளர்ந்தன.

கதவு திறந்தது. ஆனால் உள்ளே இருந்த கணக்குப் பாடம் எத்தகையது? தேர்வு முடிவைப் பார்த்து மானியம் வழங்கும் ஏற்பாடு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாகாணப் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை விடை சொன்னால் போதும். விளங்கிச் சொன்னானா என்பது கேள்வியன்று. அப்பழக்கம் ஏற்பாடு மறைந்த பின்னும் மறையவில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளுள்ள பிள்ளை எவ்வாறோ தப்பித்தது. வீட்டிலேயே முதன்முதல் பள்ளி சென்ற நம் பிள்ளைக்கு வகுப்பறையில் விளங்காதது எங்கும் விளங்கவில்லை.

கண்ணால் காணும் கணக்கு

1939-இல் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் வகுத்த பொன்மணிகள் இடமதிப்பை விளக்குபவை. தனி மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனம் ஆயிரம். ஆயிரம் என்பது ஒன்றுக்குப் பின்னால் மூன்று சுழி என்று மட்டும் அறிந்த பிள்ளை வேறு. ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை வேறு.

விலையுயர்ந்த மணிகள் இல்லாமலே இதனைச் செய்யலாம் என்று காட்டியவர் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி.கே. சீனிவாசன் (1924–2005). கணிதமேதை இராமானுசனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தொகுத்து 1968-இல் வெளியிட்டவரும் அவரே. சுவரில் தொங்கும் நாட்காட்டியையே அவர் கணக்குக் கருவியாக்கினார். நாட்காட்டியின் ஒரு மாதத்தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டமிடுங்கள். அவற்றின் கூட்டுத்தொகை நடுவிலுள்ள தேதியைப் போல ஒன்பது மடங்காக இருக்கும். ஏன் என்று எண்ணிப் பார்ப்பவன் இயற்கணிதத்தின் வாசலில் நிற்கிறான்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தையொட்டிக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவிற்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமை தாங்கினார். பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவது நோக்கமாக இருக்கவேண்டும் என்றும், கணக்கைக் கண்டு அஞ்சும் நிலை மாறவேண்டும் என்றும் அக்குழு வற்புறுத்தியது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08-இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் பரவியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1980-களிலிருந்தே முதலில் பொருள், அடுத்துப் படம், அதன்பின் குறியீடு என்னும் மூன்று படிகளில் கணக்குக் கற்பிக்கப்படுகிறது.

இம்மூன்று படிகளுள் எதனையும் தாண்டலாகாது; எதிலும் தங்கிவிடவும் கூடாது. அட்டைகளும் மணிகளும் வந்த பின்னரும், அட்டையை வரிசையாக முடிப்பதே படிப்பு என்றாகிவிட்ட வகுப்புகள் உண்டு. கருவி மாறினும் ஒப்பித்தல் மாறாவிடில் பயனில்லை. அவ்வாறே, "இவர்களுக்கு விளையாட்டுக் கணக்கே போதும்" என்று முதற்படியிலேயே நம் பிள்ளைகளை நிறுத்துவதும் பழைய அநீதியின் புதிய உருவமே.

சமயபுரத்துப் பிள்ளைகளின் கணக்கு

சமயபுரத்தில் பூச்சொரிதலின்போதும் சித்திரைத் தேரின்போதும் பெற்றோருக்குத் துணையாகப் பூக்கடையில் நிற்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். முழம் 25 ரூபாய். ஏழு முழம் என்ன விலை என்று கேளுங்கள். "நாலு முழம் நூறு, மூணு முழம் எழுபத்தஞ்சு, நூத்தி எழுபத்தஞ்சு" என்று கண் இமைக்குமுன் சொல்வான். அவனே வகுப்பில் 25 பெருக்கல் 7 என்று எழுதினால் தடுமாறுவான். பிரேசில் நாட்டு ரெசீஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதனையே கண்டது. கடையில் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், ஏட்டுக் கணக்கில் 37 விழுக்காடே சரியாகச் செய்தனர். அறிவு இல்லாமையன்று குறை. தெருக் கணக்கிற்கும் ஏட்டுக் கணக்கிற்கும் இடையே பாலம் இல்லாமையே குறை. பூக்கடைப் பையன் செய்ததும் பங்கீட்டு விதிதான். அவன் ஏழை நான்காகவும் மூன்றாகவும் பிரித்தான். அவன் செய்ததை அவனுக்கே எழுதிக் காட்டுவது ஆசிரியன் கடமை.

பாட்டன் கை பிடித்த மரக்காலும் பாலமாகும். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன? மேலுள்ளவற்றை மேலும் கீழுள்ளவற்றைக் கீழுமாகக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவர் பலர். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு; அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா? கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரைக் கலம் ஆறு மரக்கால். கலத்தில் மூன்றில் ஒன்று ஒரு தூணி, அதாவது நான்கு மரக்கால். கூடிப் பத்து மரக்கால், பன்னிரண்டில் பத்து, ஆறில் ஐந்து. பொதுப் பகுதி காணுதல் என்று பாடநூல் கூறுவது இதுவே: இரண்டையும் ஒரே மரக்காலால் அளப்பது.

அடுத்து வயலுக்கு வருவோம். பத்தும் நான்கும் கூடிய பதினான்கு கோல் பக்கமுடைய சதுர வயல். அதன் பரப்பு, பத்தின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் கூடிய 116 என்று விடை எழுதுவோர் உண்டு. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரப்பு இட்டுப் படம் வரையுங்கள். ஒரு மூலையில் நூறு. எதிர் மூலையில் பதினாறு. விடுபட்ட இரண்டு துண்டுகள் நாற்பது நாற்பது. மொத்தம் 196. விடுபட்ட அந்த இரு துண்டுகளே சூத்திரத்திலுள்ள இரண்டு ஏ பி. வயலில் எண்பது குழியை விட்டுக்கொடுக்க எவனும் உடன்படான். ஏட்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மனைப் பட்டாவிற்கும் இதுவே துணை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,306.8 சதுர அடி. ஏறத்தாழ 36 அடிக்கு 36 அடி. பட்டாவில் மூன்று சென்ட் என்றிருந்து தரையில் முப்பதுக்கு முப்பது அடியே இருந்தால், கிடைத்தது 900 சதுர அடி. 400 சதுர அடிக்கு மேல் குறைகிறது. நாடா பிடித்து அளந்து மனு எழுதத் தெரிந்த இளைஞன் ஒருவன் தெருவில் இருந்தால் அத்தெருவே பாதுகாக்கப்படும்.

இளைஞர்களுக்கு

தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. பல தலைமுறையாகச் சிலர் வீட்டுச் சொத்தாயிருந்த ஊர்க்கணக்கு, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு வந்தது. கோல் தூக்கியவனின் பேரன் இன்று அந்த ஏட்டை எழுதலாம், எழுதியும் வருகின்றனர். ஆனால் அம்மேசைக்குச் செல்லும் வழியில் பத்தாம் வகுப்புக் கணக்கும் போட்டித் தேர்வின் மனக்கணக்கும் நிற்கின்றன. முன்பு சாதி காத்த வாயிலை, நாம் விழிப்பாயிராவிடில், கணக்குப் பாடத்தின் அச்சம் காத்து நிற்கும்.

ஆதலின் நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் பாடம் சொல்லும் படித்த இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, விடை தவறாயின் உடனே அடிக்காதீர், அடிக்கோடும் இடாதீர், எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் வழியில்தான் அவன் தடுக்கிய கல் கிடக்கும். இரண்டாவது, எந்தச் சூத்திரத்தையும் படம் வரையாமல் தொடங்காதீர். படத்தோடு முடிக்கவும் செய்யாதீர். கொட்டையும் கோலப் புள்ளியும் ஓலைத் துண்டும் நாட்காட்டியும் காசில்லாமல் கிடைப்பவை. மூன்றாவது, பெண் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். புள்ளிக் கோலத்தில் சமச்சீரைக் கையாளும் பெண்ணிடம் "கணக்கு உனக்கு எதற்கு" என்று கேட்பது நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதாகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நீங்கள் எழுதப் படிக்க அறியாதவராயினும் உங்கள் பிள்ளைக்குக் கணக்குக் கற்பிக்க இயலும். உழக்கும் படியும் முழமும் சாணும் உங்கள் கையில் உள்ளன. அரிசி அளக்கும்போது பிள்ளையை அருகில் அழைத்து, எத்தனை உழக்கு ஒரு படி என்று அவனையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கு என்று அவன் கண்டால், கால் என்னும் பின்னத்தை அவன் கற்றுவிட்டான்.

அளந்த கை எழுதவும் தொடங்கிவிட்டது. 25 ஆண்டுகளில் நம் கழகம் அமைத்தது ஐந்துக்கு ஐந்தான ஒரு சதுரம். அதனை ஆறுக்கு ஆறாக்க இன்னும் பதினொன்று வேண்டும். அந்தப் பதினொன்றும் வெளியிலிருந்து வருவதில்லை; இம்மலரைப் படிக்கும் இளைஞர்களாகிய நீங்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கவேண்டிய இடங்கள் அவை.